எந்தப் பக்கத்து ரத்தம்?

கையில் எடுத்த விக்கை எர்லீன் ஒரு முறை உதறிப் பார்த்தாள். பிறகு தலையில் வைக்காமலேயே மேஜைமேல் போட்டுவிட்டாள்.

"இது வேண்டாம். அந்த ஆளு என் மொட்டைத் தலையைப் பார்த்துக்கிட்டே கேள்வி கேட்கட்டும்."

கணவர் கிளியோ அவளுடைய நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குளிரும், எர்லீன். அந்த ஆபீஸ்ல ஏசி போட்டு ஐஸ் பெட்டி மாதிரி வச்சிருப்பாங்க."

"ஹீட்டர் ஓடாத ஸ்கூல் பஸ்ஸை ஜனவரி மாசத்துல ஓட்டினவ நான். என்கிட்ட ஏசியைக் காட்டிப் பயமுறுத்தறியா?"

கிளியோ சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் எர்லீன் விட்லோவின் சினைப்பையில் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்தது. அறுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். குறைந்தது என்றார்கள், பிறகு திரும்ப வந்துவிட்டது என்றார்கள். பதினாலு வயதிலிருந்து குளித்துவிட்டு வந்ததும் போட்டுக்கொண்ட டெவன்லி பவுடர்தான் இதற்குக் காரணம் என்று அவள் வழக்குப் போட்டிருக்கிறாள். எங்கள் பவுடர் சுத்தமானது, அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை என்கிறது டெவன்லி கம்பெனி. எது உண்மை என்பதை செயின்ட் லூயிஸ் கோர்ட்டில் ஜூரி சொல்லும். அதற்கு முன்னால், கம்பெனி வக்கீல் அவளை கேமராவுக்கு எதிரே உட்காரவைத்து, சத்தியப் பிரமாணத்தின் மேல் வாக்குமூலம் வாங்க வேண்டும்.

அந்த நாள்தான் இன்று.

வெளியே ஹார்ன் சத்தம் கேட்டது. மகள் ரோஷெல் காரோடு வந்துவிட்டாள்.

எர்லீன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், ரோஷெல் அம்மாவின் தலையைப் பார்த்தாள். உடனே பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டாள்.

"இப்பக்கூட வேண்டாம்னு சொல்லிடலாம்மா."

"ஆரம்பிச்சுட்டியா?"

"உன்னால ஒரு மாடிப்படி சேர்ந்தாப்ல ஏற முடியல. அந்த ஆளுங்க உன்னைக் கிழிச்சுத் தொங்கவிடப் போறாங்க. எதுக்கு இது? யாருக்கு என்ன நிரூபிக்கணும் நீ?"

"இந்த வக்கீலம்மாவைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்ததே நீதானேடி? 'விடாதேம்மா, விடாதேம்மா'ன்னு என் காதைத் தின்னது யாரு?"

ரோஷெல் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினாள்.

எர்லீனுக்குப் புரியாத விஷயம் இதுதான். ஈஸ்டர் வரைக்கும் அம்மாவைவிட அதிகக் கோபத்தோடு இருந்தவள் இந்தப் பெண். பல் டாக்டரிடம் வேலை பார்த்துவிட்டு வந்து, விடிய விடியக் கம்ப்யூட்டரில் டெவன்லி வழக்குகளைப் படித்தவள். ஈஸ்டருக்குப் பிறகு அப்படியே மாறிவிட்டாள். வழக்கை விட்டுவிடு என்கிறாள். காரணம் கேட்டால் அம்மாவின் உடம்பைச் சொல்கிறாள். முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

"கிளியோ, உன் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு உனக்காவது தெரியுமா?"

பின் சீட்டிலிருந்து கிளியோ சொன்னார்: "எனக்கு எதுதான் தெரியும்? ரெண்டு பொம்பளைங்க இருக்கற வீட்டுல எனக்கு ரேடியோவுல பேஸ்பால் ஸ்கோர் மட்டும்தான் தெரியும்."

*

ஆற்றைப் பார்த்த கட்டடம். நீளமான மேஜை. எர்லீனின் வக்கீல் ப்ரிஜிட் ஹனகன் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். வழக்கில் கிளியோவின் பெயரும் இருந்ததால் அவருக்கு மூலையில் ஒரு நாற்காலி கிடைத்தது. ரோஷெல் வெளியே காத்திருந்தாள்.

கம்பெனி வக்கீல் வெண்டல் ப்ரைஸ் கத்துகிற ஆள் இல்லை. எழுந்து நின்று எர்லீனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தேன் தடவிய குரல்.

"மிசஸ் விட்லோ, டெவன்லி பவுடரை எப்படி உபயோகிக்க ஆரம்பிச்சீங்க?"

"எங்கம்மா வாங்கிக் குடுத்தாங்க. 'பெரியவளாயிட்டே, இனிமே வேர்வை நாத்தத்தோட சர்ச்சுக்கு வராதே'ன்னாங்க."

"உடம்புல எந்தெந்த இடத்துல போட்டுக்குவீங்க?"

மூலையில் கிளியோ தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, மிஸ்டர் ப்ரைஸ்?"

"நீங்க பதில் சொன்னா நல்லது."

"அக்குள்ல. தொடை இடுக்குல. உள்ளாடையில தூவிக்குவேன். ஆகஸ்ட் வெயில்ல பஸ்ஸோட ரெக்ஸின் சீட்டுல ஒரு நாள் பூரா உட்கார்ந்து பாருங்க, நீங்களும் தூவிக்குவீங்க." எர்லீன், பேசுவதையெல்லாம் பதிவுக்காக டைப் செய்துகொண்டிருந்த பெண்ணின் பக்கம் திரும்பினாள். "எல்லாம் வந்துடுச்சாம்மா? வேகமாச் சொல்லிட்டேனா?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"கடையில வேற பவுடர்களும் இருந்திருக்குமே. எப்பவும் டெவன்லிதான்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"அந்த வாசனை வேற எந்தப் பவுடருக்கும் வராதுன்னு டிவியில தினம் சொன்னது உங்க கம்பெனிதானே? நம்பினேன்."

ப்ரைஸ் ஒரு நிமிஷம் காகிதங்களைப் புரட்டினார். அவசரமே இல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனார்.

"உங்க சித்தி பெர்ல் எப்படி இறந்தாங்க?"

எர்லீன் இதை எதிர்பார்க்கவில்லை. "பொம்பளை வியாதின்னாங்க. அந்தக் காலத்துல அதுக்கு மேல யாரும் விளக்கமாச் சொல்லமாட்டாங்க."

"உங்களுக்கு வந்த அதே நோய்னு உங்க டாக்டர்கிட்ட நீங்களே சொல்லியிருக்கீங்க."

"இருக்கலாம்னு சொன்னேன்."

"அதைக் கேட்டுட்டு அந்த டாக்டர் உங்களை ஜீன் டெஸ்ட் எடுத்துக்கச் சொன்னார். இது குடும்பத்து வழியா வந்த நோயான்னு பார்க்க. இல்லையா?"

"சொன்னார்."

"எடுத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"வயித்தை அப்பத்தான் தைச்சிருந்தாங்க, மிஸ்டர் ப்ரைஸ். இருமினாத் தையல் பிரிஞ்சுடுமோன்னு பயந்துக்கிட்டுப் படுத்திருந்தேன். வந்த நோய் வந்துடுச்சு, எந்த வழியா வந்தா எனக்கென்னன்னு சொல்லிட்டேன்."

ப்ரைஸ் பேனாவைக் கீழே வைத்தார். குரல் இன்னும் மென்மையானது.

"உங்களுக்கு ஒரு மகள் இருக்காங்க. வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கும் அந்த ஆபத்து இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு அம்மாவா உங்களுக்குத் தோணவே இல்லையா? இல்ல, தெரிஞ்சா வழக்கு கெட்டுடும்னு தோணிச்சா?"

"ஆட்சேபிக்கறேன்!" என்று ப்ரிஜிட் மேஜையைத் தட்டினாள்.

எர்லீன் கதவுப் பக்கம் பார்த்தாள். யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது போல நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

"இடைவேளை," என்றாள் ப்ரிஜிட்.

*

பக்கத்து அறையில் கதவைச் சாத்தியதும் ப்ரிஜிட் பொரிந்து தள்ளினாள். "உங்களை உலுக்கிப் பார்க்கத்தான் அப்படிக் கேட்டான். மனசுல போட்டுக்காதீங்க. டெஸ்ட் எடுக்கலைங்கறது உங்க இஷ்டம். யாரும் குத்தம் சொல்ல முடியாது."

"அந்த டெஸ்ட்டை இப்ப எடுத்தா என்ன ஆகும்?"

ப்ரிஜிட் தயங்கினாள். அவள் பொய் சொல்லத் தெரிந்த வக்கீல் அல்ல. எர்லீனுக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

"இல்லைன்னு வந்தா நமக்கு நல்லது. இருக்குன்னு வந்தா, 'பார்த்தீங்களா, ரத்தத்துலயே இருந்த நோய், பவுடர் என்ன பண்ணும்?'னு ஜூரிகிட்ட தினமும் பாடுவாங்க. அந்த ஜீன் இருந்தாலும் பவுடருக்கும் பங்கு உண்டுன்னு சொல்ல நம்மகிட்ட டாக்டர்கள் இருக்காங்க. ஆனா ஜூரி கேட்குமான்னு நான் கையடிச்சுச் சத்தியம் பண்ண முடியாது. எடுக்காதீங்கன்னும் சொல்லமாட்டேன். அது உங்க உடம்பு, உங்க பொண்ணோட உயிர்."

கிளியோ ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

எர்லீன் தண்ணீரைக் குடித்து முடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வழக்கு எனக்காகப் போட்டது. டெஸ்ட் அவளுக்காக. எது முன்னாடின்னு என்னை யாரும் கேட்க வேண்டியதில்ல. வா, போகலாம்."

கேமராவின் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. ப்ரைஸ் பேச ஆரம்பிப்பதற்குள் எர்லீன் ஆரம்பித்துவிட்டாள்.

"கடைசியா ஒண்ணு கேட்டீங்க. நல்ல கேள்வி. கெட்ட எண்ணத்தோட கேட்ட நல்ல கேள்வி. எனக்கு அன்னிக்குத் தோணலை, மிஸ்டர் ப்ரைஸ். தோணியிருக்கணும். வழக்கு கெட்டுடும்னு எடுக்காம இருக்கல, அப்ப வழக்கே கிடையாது. இன்னிக்கே போய் எடுக்கப் போறேன். என்ன வருதோ, அதை நீங்களும் பார்த்துக்கலாம். மறைக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. உங்க கம்பெனி அப்படிச் சொல்லுமா?"

ப்ரைஸ் முதல் தடவையாகத் தன் தண்ணீர் டம்ளரைத் தேடினார்.

*

மத்தியானம் ப்ரைஸ் விட்டபோது எர்லீன் கிளியோவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் லிஃப்ட் வரை நடந்தாள். ஆனாலும், "பசிக்குது" என்றாள். அது நல்ல அடையாளம். வழியில், ஊரின் வடக்குப் பகுதியில் ஒரு சீனாக்காரர் கடையில் கிளியோ முட்டை அடை வைத்த ரொட்டி மூன்று வாங்கிக்கொண்டு வந்தார். பூங்கா ஒன்றின் மரத்தடியில் காரை நிறுத்தினார்கள்.

"சாப்பிட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு விடு," என்றாள் எர்லீன்.

ரோஷெல் பதறினாள். "என்னம்மா பண்ணுது? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. ஜீன் டெஸ்ட் எடுக்கணும். எனக்கு இருந்தா உனக்கும் இருக்கலாமாம். அந்தப் ப்ரைஸ் சொல்லித்தான் என் மர மண்டைக்கு உறைக்கணும்னு இருந்திருக்கு."

ரோஷெல்லின் கையிலிருந்த ரொட்டி காகிதத்தோடு மடியில் விழுந்தது.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"நீ எடுக்க வேண்டாம்மா. கேஸ் முடியற வரைக்கும் வேண்டாம். ப்ளீஸ்."

"ஏய், என்னைப் பாரு. ரோஷெல், என் மூஞ்சியைப் பார்த்துப் பேசு."

ரோஷெல் பார்த்தாள். ஈஸ்டருக்குப் பிறகு முதல் தடவையாக.

"நான் எடுத்துட்டேன்மா. எனக்கு இருக்கு."

வெளியே யாரோ நாயைக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள்.

"எப்போ?" என்று கேட்டது கிளியோ.

"ஈஸ்டருக்கு முன்னாடி. அம்மாவுக்கு இந்த நோய்னு சொன்னதும் என் டாக்டர் எடுக்கச் சொன்னார். அம்மாவுக்கு நல்ல சேதியாக் கொண்டு வரலாம்னுதான் எடுத்தேன்." அவள் குரல் உடைந்தது. "கம்பெனிக்காரன் 'உங்க குடும்பத்துல யாராவது டெஸ்ட் எடுத்தாங்களா'ன்னு கேட்டா, நீ சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லமாட்டே. உனக்குத் தெரியலைன்னா தெரியாதுன்னு சொல்லிடலாமே. அதான் மூடி வச்சேன்."

"அதுக்கு ஏன் கேஸை விடு, விடுன்னே?" என்றாள் எர்லீன்.

ரோஷெல் மடியில் கிடந்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினாள்.

"டாக்டர் வேற என்ன சொன்னார்?"

"ரெண்டு சினைப்பையையும் எடுத்துடணும்னார். நாற்பது வயசுக்குள்ள."

"உனக்கு வயசு முப்பத்தொன்பது."

"தெரியும்மா. நான் ஆஸ்பத்திரியில படுத்தா உனக்கு எப்படித் தெரியாம இருக்கும்? அதான், கைவிட்டாவது உன் கேஸ் சீக்கிரம் முடியட்டும்னு..."

எர்லீன் அவளை முடிக்கவிடவில்லை. பஸ்ஸின் கடைசி சீட்டில் சண்டை போடும் பையன்களை இருந்த இடத்திலேயே உறையவைத்த அந்தக் குரல், இரண்டு வருஷமாக யாரும் கேட்காத அந்தக் குரல், திரும்ப வந்தது.

"என் கேஸ் முடியட்டும்னு உன் வயித்துல குண்டைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கியா? யாருடி உன்னைக் கேட்டா? நான் எதுக்கு இந்த வழக்கைப் போட்டேன்? என்னை மாதிரி இன்னொருத்தி படக் கூடாதுன்னு. அந்த இன்னொருத்தி என் வயித்துல பொறந்தவளாவே இருந்தா, நான் ஜெயிச்சு என்ன கிழிக்கப் போறேன்? ஃபோனை எடு."

"அம்மா..."

"எடு. டாக்டரைக் கூப்பிடு. எப்ப வரணும்னு கேளு. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

ரோஷெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பரை அழுத்தினாள். அங்கே யாரோ காத்திருக்கச் சொன்னார்கள், பாட்டுப் போட்டார்கள், பிறகு பேசினார்கள். அடுத்த மாதம் மூன்றாவது வாரம் தேதி கிடைத்தது. எர்லீன் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் சீட்டில் சாய்ந்தாள்.

"என்கிட்டேர்ந்துதான் வந்துச்சு," என்றாள் மெல்ல. "பெர்ல் சித்தியும் நானும். உனக்குக் குடுக்கறதுக்கு வேற சொத்தா இல்ல எனக்கு?"

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து கிளியோ பேசினார்.

"அது உன்னோடதுன்னு யார் சொன்னா?"

இருவரும் திரும்பினார்கள். அவருடைய ரொட்டி பிரிக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது.

"எங்கம்மா எனக்குப் பன்னெண்டு வயசா இருக்கும்போது போனாங்க. மார்ல கட்டி. என் அக்கா வெர்னீஸும் அதே மாதிரிதான் போனா, அம்மாவோட வயசுக்குக் கொஞ்சம் மேல. இன்னிக்குக் காலையிலேர்ந்து அந்த ஆளு உன் சித்தியைக் கேட்டான், உன் அம்மாவைக் கேட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கல. உன் டாக்டரும் கேட்கல. பொம்பளை வியாதி ஆம்பளை வழியா வருமான்னு எனக்கே தோணல. ஆனா அந்த ரூம்ல உட்கார்ந்து கேட்டதுலேர்ந்து மனசை அரிக்குது."

"அவங்களுக்கு வந்தது மார்ல, கிளியோ. எனக்கு வந்தது வயித்துல."

ரோஷெல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டுக்கும் அதே ஜீன்தான்மா. அப்பா வழியாவும் வரும். டாக்டர் சொன்னார். அம்மாவுக்குத்தானே நோய் வந்துச்சு, அம்மாகிட்டேர்ந்துதான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன். அப்பாவைப் பத்தி நினைக்கவே இல்ல."

"என்கிட்டேர்ந்து வந்ததா இருந்தா எர்லீன் கேஸ் நிக்கும்ல?" என்றார் கிளியோ. உடனே தன் வார்த்தை தனக்கே சுட்டது போல முகத்தை மூடிக்கொண்டார். "பாரு, எதுக்கு ஆசைப்படறேன் பாரு. ஒரு அப்பன் இதுக்கா ஆசைப்படுவான்?"

எர்லீன் கையைப் பின்னால் நீட்டி அவருடைய முழங்காலைப் பிடித்தாள்.

"ஆசையெல்லாம் படாதே. யார் பக்கம் வந்தாலும் இவ நம்ம ரெண்டு பேர் பொண்ணு. நீயும் வந்து கையை நீட்டு, அவ்வளவுதான். ரோஷெல், வண்டியை எடு."

*

எர்லீனுக்கு மருந்து ஏற்றும் அதே ஆஸ்பத்திரி. நர்ஸ் ரத்தக் குழாயைத் தேடித் தேடிக் கடைசியில் புறங்கையில் குத்தினாள். பக்கத்து நாற்காலியில் கிளியோ சட்டைக் கையை மடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இன்னும் ஊசியே எடுக்கல சார்," என்றாள் நர்ஸ்.

"நீ எடுக்கறதைப் பார்க்க வேண்டாம்னுதான்மா மூடினேன்."

எர்லீன் சிரித்துவிட்டாள். ரோஷெல்லும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அவர்கள் வெளியே வந்து காருக்குப் போவதற்குள் எர்லீனின் ஃபோன் அடித்தது. ப்ரிஜிட். எர்லீன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். மறுபக்கம் நீண்ட மூச்சு கேட்டது.

"புரியுதா மிசஸ் விட்லோ, யாருக்கு என்ன வந்தாலும் அந்த ரிசல்ட்டை நான் கம்பெனிக்காரங்ககிட்ட குடுத்தே ஆகணும்."

"குடு. ரெண்டு பேரோடதையும் குடு."

"இன்னொண்ணு இருக்கு. இப்பத்தான் ப்ரைஸ் ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்துச்சு. வர்ற திங்கட்கிழமை உங்க பொண்ணை விசாரிக்கணுமாம். சத்தியப் பிரமாணத்தோட, கேமரா முன்னாடி. தள்ளிப்போடச் சொல்லி நான் எழுதிப் பார்க்கட்டுமா? ஆபரேஷனைக் காரணம் காட்டலாம்."

"எழுது," என்றாள் எர்லீன் உடனே. "அவளை இதுல இழுக்க வேண்டாம். அவ ஏற்கெனவே..."

ரோஷெல் அம்மாவின் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"ப்ரிஜிட், ரோஷெல் பேசறேன். தள்ளிப்போட வேண்டாம். என்ன கேட்பாங்க?"

"எல்லாத்தையும். டெஸ்ட் எடுத்தியா, என்ன வந்துச்சு, எப்பலேர்ந்து தெரியும், ஏன் மறைச்சே. சுகமா இருக்காது ரோஷெல்."

"எடுத்தேன்னு சொல்லுவேன். மறைச்சேன்னும் சொல்லுவேன். அவங்க கேட்டு முடிச்சதும் நீங்க கேட்கலாம், இல்லையா?"

"கேட்கலாம். என்ன கேட்கணும்?"

ரோஷெல் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். எர்லீன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துவிட்டவள் போல, அசையாமல் நின்றாள்.

"நான் கைக்குழந்தையா இருந்தப்போ ஒவ்வொரு டயப்பர் மாத்தும்போதும் எனக்கு என்ன பவுடர் போட்டாங்கன்னு கேளுங்க. பன்னெண்டு வயசுல எனக்குன்னு தனியா ஒரு டப்பா வாங்கிக் குடுத்தாங்களே, அது எந்தப் பவுடர்னு கேளுங்க. போன ஈஸ்டர் வரைக்கும் நான் அதைத் தினம் போட்டுக்கிட்டேன் ப்ரிஜிட். இந்த ஜீன் இருக்கற ரத்தத்தோட, யாரும் எச்சரிக்காம."

மறுமுனையில் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள் ரோஷெல்.